இரண்டே படங்களை வைத்து ஒரு டிஜிட்டல் ஸ்கிராப்புக் பக்கம்

அம்மாயிக்கு இளவயதுப் படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தபோது பாஸ்போர்ட்டுக்கென்று எடுத்தது. கடைசியில் அம்மாயி போகவில்லை. அவருடைய அக்கா தலைமன்னாரில் கப்பல் ஏறி, கூடலூர்ப் பக்கம் போய், அங்கேயும் தேயிலைக் கொழுந்துதான் எடுத்தார். இந்த இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் சேர்த்து உட்கார வைக்கத்தான் கணினியில் படங்களை ஒரு பக்கமாக அடுக்கும் இந்த ஸ்கிராப்புக் வேலையைக் கற்றுக்கொண்டேன். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

என்ன வேண்டும்?

போட்டோஷாப் இருந்தால் சரி. இல்லையென்றால் ஃபோட்டோபீ (Photopea) போதும். பிரவுசரிலேயே திறக்கும், காசு இல்லை, ஓரத்தில் விளம்பரம் மட்டும் வரும். உங்கள் படங்கள் எந்த சர்வருக்கும் போகாமல் உங்கள் கணினியிலேயே இருக்கும் என்பதால் டேட்டாவும் அதிகம் கரையாது.

அடுத்தது டெம்ப்ளேட். யாரோ ஏற்கெனவே அடுக்கி வைத்த பக்கம் அது. பின்னணிக் காகிதம், படம் வைக்கச் சாம்பல் நிறப் பெட்டிகள், தலைப்புக்கு ஓர் இடம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தாள்போல இருக்கும். இணையத்தில் இலவசமாகவே நிறையக் கிடைக்கிறது. லேயர்கள் கலையாமல் இருக்கும் பி.எஸ்.டி. (போட்டோஷாப்) கோப்பாகப் பார்த்து எடுங்கள். முதல் தடவைக்கு மூன்று பெட்டிக்கு மேல் உள்ளதைத் தொட வேண்டாம்.

படத்தைக் கணினிக்குள் கொண்டுவருவது

முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பழைய பாஸ்போர்ட் படம் 3.5 சென்டிமீட்டர் அகலம். அதை 600 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 827 பிக்சல்; அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 2.75 அங்குலத்துக்கு மேல் பெரிதாக்க முடியாது. 1200இல் செய்தால் ஐந்தரை அங்குலம் வரை தாங்கும். கடையில் ஸ்கேன் கொடுக்கும்போது "1200இல் போடுங்க" என்று வாய்விட்டே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கடிதம் ஸ்கேன் செய்யும் அளவில்தான் செய்து தருவார்கள்.

ஸ்கேனர் இல்லையா? பனி மூடிய காலையில் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) ஒரு மேசையைப் போட்டு, படத்தை அதில் வைத்து, போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். நம் பக்கத்துப் பனி வெளிச்சம் படத்தின் பளபளப்பில் பட்டுத் தெறிக்காது. காசு கொடுத்தாலும் அப்படி ஒரு விளக்கு கிடைக்காது. படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும்.

கூடலூரில் இருந்து பெரிய அம்மாயியின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. முதலில் வந்ததைப் பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அதையே டாக்யுமென்ட்டாக அனுப்பச் சொன்ன பிறகுதான் சேலைக் கரை வரைக்கும் தெளிவாக வந்தது.

பெட்டிக்குள் படம்

டெம்ப்ளேட்டைத் திறந்ததும் வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். பிறகு இமேஜ் சைஸைப் பாருங்கள். 12 அங்குலச் சதுரப் பக்கம், 300 பி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் 3600 பிக்சலுக்கு 3600 இருக்க வேண்டும்.

இனி லேயர் பட்டியலில் ஒரு சாம்பல் பெட்டியைச் சொடுக்கிவிட்டு, படத்தை இழுத்துப் பக்கத்தில் போடுங்கள். பட்டியலில் அது பெட்டிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் இழுத்து வையுங்கள். இப்போது படம் பக்கத்தையே மறைத்துக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். படம் பெட்டி அளவுக்குள் அடங்கிவிடும். இதற்குப் பெயர் கிளிப்பிங் மாஸ்க்.

பதுளை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். மலை முழுசாக வெளியேதான் இருக்கிறது, ஆனால் ஜன்னல் அளவுக்குத்தான் தெரிகிறது. அதே கதைதான் இங்கேயும். ஒரே வித்தியாசம், லேயர் பட்டியலில் ஜன்னல் கீழே, மலை மேலே. படத்தை வெட்டவில்லை என்பதால் மூவ் கருவியால் நகர்த்தி நகர்த்தி, முகத்தை எங்கே வேண்டுமோ அங்கே கொண்டுவரலாம். அளவை மாற்ற போட்டோஷாப்பில் கன்ட்ரோல், டி. ஃபோட்டோபீயில் அதை அழுத்தினால் பிரவுசர் புது டேப்பைத் திறந்துவிடும். அங்கே ஆல்ட்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

ஒரு படம் கருப்பு வெள்ளை, மற்றது கலர் என்றால் கண் கலரிடம்தான் ஓடும். கலர்ப் படத்துக்கு மேலே ஒரு பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைப் போட்டு, அதையும் அதே மூன்று விசையால் கிளிப் செய்யுங்கள். கிளிப் செய்யாவிட்டால் கீழே இருக்கும் பக்கம் முழுவதுமே கருப்பு வெள்ளையாகிவிடும்.

மூன்றாவது பெட்டி

டெம்ப்ளேட்டில் மூன்று பெட்டி, என்னிடம் இரண்டு படம். டெம்ப்ளேட் செய்கிறவர்கள் ஒரே பயணத்தில் நூறு படம் எடுக்கிறவர்களை நினைத்துச் செய்கிறார்கள். பெட்டி காலியாக இருக்கிறதே என்று கூகுளில் இருந்து ஒரு தேயிலை மலையைப் பிடித்து ஒட்டாதீர்கள். லேயர் பட்டியலில் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள கண் சின்னத்தை அணைத்தால் பெட்டி மறைந்துவிடும், அவ்வளவுதான். நான் அதை அணைக்கவில்லை. கூடலூரில் இருந்து தோட்டத்து ஆபீசுக்கு வந்த ஒரு பழைய கடித உறையை ஸ்கேன் செய்து போட்டேன். அம்மாயி பெயர், அதற்குக் கீழே டிவிஷன் (தோட்டப் பிரிவு), தோட்டம், எல்லாம் அக்காவின் கோணல் எழுத்தில்.

பின்னணிக் காகிதத்தையும் அப்படி மாற்றலாம். எனக்கு வந்த டெம்ப்ளேட்டில் ரோஜாப்பூக் காகிதம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, கொழுந்துக் கூடையின் பின்னலைக் கிட்டத்தில் படமெடுத்து, ஒபாசிட்டியை 30 சதவீதத்துக்குக் குறைத்துப் போட்டேன்.

நிழல் வேண்டுமென்றால் டிராப் ஷேடோவைப் படத்துக்குக் கொடுக்காமல் பெட்டி லேயருக்குக் கொடுங்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கோணம்.

தமிழ் எழுத்து

பழைய போட்டோஷாப்பில் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைப் போட்டு, மென்பொருளை மூடித் திறங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் பாமினி என்ற பழைய எழுத்துரு கைகொடுக்கும்; ஆனால் எழுத்தை முதலில் பாமினி முறைக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது வேறு வழி. அம்மாயி வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் எழுதிய பெயரைப் படமெடுத்து, பிளெண்ட் மோடை மல்டிப்ளையில் வைத்தேன். வெள்ளை மறைந்து எழுத்து மட்டும் நின்றது.

சேமிப்பதும் அச்சும்

முதலில் பி.எஸ்.டி., பிறகு ஜேபெக். நிறம் எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற வழக்கமான நிற அமைப்பில் இருக்கட்டும். டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தபோது ஓரம் வெட்டப்பட்டு, தலைப்பில் பாதி எழுத்து போய்விட்டது. அதில் இருந்து நான்கு பக்கமும் கால் அங்குலம், அதாவது 75 பிக்சல், எதுவும் வைக்காமல் விடுகிறேன்.

லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஈரச் சுவரில் மாட்டுவதென்றால் ஃபிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் போத்தல் தக்கையை வில்லை வில்லையாக வெட்டி ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போனால்தான் ஈரம் ஏறாது.