குறைந்த செலவில் கணினி மானிட்டர்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்குலக் கணக்கைத்தான் முதலில் கேட்கிறார்கள். அது திரையின் மூலைவிட்ட நீளத்தை மட்டுமே சொல்லும். எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது அந்தப் பரப்பில் எத்தனை பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள்) அடங்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 1920 × 1080 பிக்சல் கொண்ட 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள் அமைகின்றன. அதே எண்ணிக்கையை 27 அங்குலத்துக்கு விரித்தால் 82 ஆகக் குறைந்துவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியையும் இகர, ஈகாரச் சுழிகளையும் சிறிய எழுத்தளவில் நாள் முழுவதும் வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகாது. எனவே 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் 2560 × 1440 உள்ளதைத் தேடுங்கள். அதற்குக் கையிருப்பு போதாதெனில் 24 அங்குலத்தோடு நின்றுகொள்வதே நல்லது.

அடுத்துக் கேட்க வேண்டியது பேனல் வகை, அதாவது டிஎன், விஏ, ஐபிஎஸ் ஆகிய திரைத் தொழில்நுட்பங்களில் எது என்பது. டிஎன் பேனலில் சற்றுக் கீழிருந்து பார்த்தாலே நிறம் மாறித் தெரியும் என்பதால் விலை குறைவென்றாலும் அதைத் தவிர்க்கலாம். விஏ பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான வெளிச்ச விகிதம்) பொதுவாக 3000:1 அளவில் இருப்பதால் விளக்கணைத்த அறையில் படம் பார்க்க அது ஏற்றது, ஆனால் இருண்ட காட்சிகள் வேகமாக நகரும்போது நிழல் இழுபடும். படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் ஐபிஎஸ் போதும். அதன் கான்ட்ராஸ்ட் 1000:1 அளவுதான் என்றாலும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. புகைப்பட வேலை செய்பவர்கள் மட்டும் நிற வரம்பையும், அதாவது என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி போன்ற நிறத் தரநிலைகளில் எத்தனை சதவீதத்தைத் திரை காட்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்: ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்று குறித்திருந்தால் நிறங்கள் வெளிறியே இருக்கும், ‘99 சதவீத எஸ்ஆர்ஜிபி’ என்பதே வேண்டியது.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் சிலவற்றுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. காட்சிக்கேற்ப விளக்கொளியை மாற்றிக் கணக்கிட்டு லட்சக்கணக்கில் எழுதப்படும் டைனமிக் கான்ட்ராஸ்ட், 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அலகு) வெளிச்சமே உள்ள திரையில் எச்டிஆர் (மிகு ஒளியையும் இருளையும் ஒருசேரக் காட்டும் வசதி) ஆகியவை பெயரளவுக்கு மட்டுமே. திரை வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் ஹெர்ட்ஸ் எண்ணில், 75 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸும் ஒரே விலையில் கிடைத்தால் 100 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளலாம். கணினி விளையாட்டுப் பிரியராக இல்லாவிட்டால் அதற்காகக் கூடுதல் தொகை தர வேண்டாம்.

மிச்சமாகும் தொகையை உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டுக்குச் செலவிடுங்கள், ஏனெனில் மலிவான மாடல்கள் பலவும் முன்னும் பின்னும் சாய மட்டுமே செய்யும். அது கிடைக்காவிட்டால், பிறகு தனியாக ஆர்ம் (மானிட்டரைத் தாங்கும் கை) வாங்கிப் பொருத்துவதற்காகப் பின்புறம் வெசா எனப்படும் பொதுத்தர திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்றாவது பாருங்கள். (அடியில் தடித்த புத்தகங்களை அடுக்குவதும் ஒரு வழிதான், வீட்டில் யாரும் அவற்றைப் படிக்கக் கேட்காதவரை.) உங்கள் கணினியில் பழைய வகை இணைப்பான விஜிஏ மட்டுமே இருந்தால் மானிட்டரிலும் அந்த இணைப்பு இருக்க வேண்டும், இரண்டிலும் டிஜிட்டல் இணைப்பான எச்டிஎம்ஐ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், எழுத்து கூர்மையாக வரும்.

அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் பழைய 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றுள் சில 1920 × 1200 பிக்சலோடும் உறுதியான ஸ்டாண்டோடும் கிடைக்கும். புதியதோ பழையதோ, பணம் கொடுக்கும் முன் திரையை ஓடவிட்டு, முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றாக நிரப்பி, அணைந்த பிக்சல் உண்டா என்று பாருங்கள். ஓரிரு பிக்சல் பழுதுக்காக வாரண்டியில் மாற்றித் தருவது எல்லா நிறுவனங்களிலும் வழக்கமில்லை.