ஹைபிரிட் பற்றரி: ஒரு மொடியூலை மட்டும் மாற்றாதீர்கள்

கையுறை போட வேண்டும், உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு வயரில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இலங்கைக் கராஜ்களில் பிரியஸ், அக்வா வேலைக்குப் புதிதாக இறங்குபவர்கள் விடாமல் செய்யும் தவறுகள் வேறு.

பழுதானதை மட்டும் மாற்றுவது

ஹைபிரிட் பற்றரி பழுதென்று ஸ்கேனரில் காட்டும் பி0ஏ80 கோட் வந்ததும் பற்றரியைத் திறந்து, மீற்றரில் வோல்ட் குறைவாகக் காட்டும் மொடியூலை (பற்றரிக்குள் வரிசையாக நிற்கும் சிறு பற்றரிகளில் ஒன்றை) கழற்றி, வேறொன்றைப் போட்டு, கோட்டை அழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அதே கோட் வரும். இம்முறை வேறொரு மொடியூல். வண்டிக்காரர் மறுபடியும் கூலி கொடுக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத வேலை இது.

மூன்றாம் தலைமுறை பிரியஸில் 7.2 வோல்ட் மொடியூல்கள் 28, மொத்தம் 201.6 வோல்ட். முதல் தலைமுறை அக்வாவில் 20, மொத்தம் 144. எல்லாம் தொடர் இணைப்பு. இந்த நிக்கல் பற்றரிகளில் மொடியூல்களின் சார்ஜைச் சமன்செய்யும் சுற்று கிடையாது. நடுவிலுள்ளவை கூடுதலாகச் சூடாகி முதலில் தளரும். ஒன்று செத்திருந்தால் அதன் பக்கத்திலுள்ளவையும் தளரத் தொடங்கியிருக்கும். புதியது 6.5 ஆம்பியர் மணி தாங்கும்போது பழையது 4இலேயே காலியாகிவிடும். காலியானதன் ஊடாக மற்றவை மின்னோட்டத்தைத் தள்ளினால் அதன் செல்கள் முனை மாறிக் கெடும்.

எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டுக் கழற்றுங்கள். இரு பக்கமும் தகடு வைத்து இறுக்கி, விசிறி ஓட, ஒவ்வொன்றையும் மூன்று முறை சார்ஜ் செய்து, 2 ஆம்பியரில் 6 வோல்ட் வரை இறக்குங்கள். இறுக்காமல் சார்ஜ் செய்தால் மொடியூல் வீங்கும். பிறகு பெட்டிக்குள் போகாது. 4 ஆம்பியர் மணிக்குக் குறைந்ததை ஒதுக்குங்கள். மிஞ்சியவற்றை ஒரு வாரம் சும்மா வைத்து மறுபடி அளந்தால், தானாக வோல்ட் இழப்பவை தெரிந்துவிடும். குறையை நிரப்பும் மொடியூலின் கொள்ளளவு மற்றவற்றுக்கு நெருக்கமாக இருக்கட்டும். புத்தம் புதியது வேண்டாம். ஒதுக்க வேண்டியவை ஐந்தாறைத் தாண்டினால் முழுப் பற்றரியையும் மாற்றச் சொல்லுங்கள்.

சர்வீஸ் பிளக்கைக் கழற்றியதும் பயம் விட்டுப்போவது

வேலைக்கு முன் மின்சுற்றைத் துண்டிக்கக் கழற்றும் இந்தப் பிளக் பற்றரியை இரண்டாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். பிரியஸில் பெரிய பகுதியில் இன்னும் 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மொடியூல்களை இணைக்கும் செப்புப் பட்டைகள் எல்லாம் கழன்ற பிறகே கையுறையைக் கழற்றுங்கள்.

நட்டை முறுக்கித் தள்ளுவது

செப்புப் பட்டை நட்டுகளுக்கு 5.4 நியூட்டன் மீற்றர் முறுக்குத்தான். டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் சாவி) இல்லாமல் தொடாதீர்கள்.

விசிறியை மறப்பது

பற்றரியைக் குளிரவைக்கும் விசிறிக்குக் காற்றுப் போகும் பின் இருக்கையோரத்து வலையை மட்டும் துடைத்தால் போதாது. விசிறி இதழ்களில் ஒட்டிய தூசியையும் எடுங்கள்.

ஹொண்டா வெஸலிலும் இந்த மொடியூல் வேலையைச் செய்து பார்ப்பது

அதன் பற்றரி லித்தியம் அயன். வேண்டவே வேண்டாம்.