சின்ன வியாபாரத்துக்கு ஒன்லைனில் ஆள் பிடிப்பது எப்படி: ஒரு வெள்ளவத்தைப் பலகாரக்காரியின் கணக்கு

பேஸ்புக்கில் பக்கம் திறக்க முன்னர் வட்ஸ்அப்பை ஒழுங்காக்குங்கள். கொழும்பில் சின்னதாக வியாபாரம் தொடங்குகிற யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒரு ஒழுங்கையில், வீட்டிலிருந்தே யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் பலகாரமும் செய்து விற்கிறேன். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தற்செயலாக நடந்து வந்து முறுக்கு வாங்குகிற ஒழுங்கையும் இது இல்லை. வருகிற ஆட்கள் எல்லாரும் போன் வழியாகத்தான் வருகிறார்கள். ஆகவே ஒன்லைன் மார்க்கெட்டிங் என்றால் எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: கேட்கிறவருக்கு விலை, இடம், கிடைக்கும் நாள் மூன்றையும் கெதியாகச் சொல்வது. லைக் எத்தனை விழுந்தது என்பது பிறகு பார்க்கிற விஷயம்.

வட்ஸ்அப் பிஸ்னஸ் என்று தனி அப் இருக்கிறது, இலவசம். சொந்த நம்பரில் அதைப் போடாதீர்கள். ஒரே நம்பரை இரண்டு அப்பிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. அதோடு உங்கள் மச்சாளின் கல்யாண வீட்டுக் குரூப்புக்கும் ஓடர்களுக்கும் நடுவில் நீங்கள் தொலைந்து போவீர்கள். கடைக்கென்று ஒரு சிம் எடுங்கள். பெயர், இடம், திறந்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் நிரப்புங்கள். பிறகு கெட்டலொக் என்ற பகுதியில் ஒவ்வொரு சாமானாக ஏற்றுங்கள். "பயத்தம் பணியாரம்" என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை கிராம், என்ன விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எத்தனை நாளுக்கு முன்னர் சொல்ல வேண்டும், இவ்வளவும் வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவுக்குக் கீழே ஒருவர் "அக்கா, எவ்வளவு?" என்று கேட்பார். "இன்பொக்ஸ் பாருங்கள்" என்று பதில் வரும். ஏன் இந்த ஒளிவு? விலை தெரிந்தால் போட்டிக்காரர் குறைத்துப் போடுவார் என்று பயப்படுகிறார்கள். போட்டிக்காரருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாமல் திரும்பிப் போவது வாங்க வந்த ஆள்தான். விலையைப் படத்திலேயே எழுதுங்கள்.

ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வட்ஸ்அப் பிஸ்னஸில் இருக்கிற குவிக் ரிப்ளையில் பதிலை ஒருமுறை எழுதி வைத்தால், சாய்கோடும் ஒரு சின்னச் சொல்லும் தட்ட முழுப் பதிலும் வந்து விழும். என்னிடம் தூள் விலை, டிலிவரிக் காசு, வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன. லேபலும் அதே மாதிரி உதவி: "புது ஓடர்", "காசு வரவேணும்", "அனுப்பியாச்சு" என்று உரையாடல்களுக்கு நிறம் நிறமாகப் போடலாம். தீபாவளிக் கிழமையில் இது இல்லாவிட்டால் யாருக்கு அரியதரம், யாருக்கு சிப்பி என்று தலை சுற்றும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்புகிற புரோட்காஸ்ட் லிஸ்டை நிறையப் பேர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், சரி. ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். அதனால் முதல் பார்சலுக்குள்ளேயே ஒரு சின்னத் துண்டு வையுங்கள்: "இந்த நம்பரைச் சேமித்தால் அடுத்த முறை பொரிக்கிற நாளை அறிவிப்போம்." கேட்காமல் ஆட்களைக் குரூப்பில் இழுத்துப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். அது விளம்பரம் இல்லை, தொல்லை.

அடுத்தது கூகுள் மேப். இதற்கும் காசு இல்லை, ஆனால் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தொடுவதே இல்லை. தெஹிவளையில் இருக்கிற ஒருவர் பின்னேரம் முறுக்குத் தேடும்போது பேஸ்புக்குக்குப் போவதில்லை, கூகுளில்தான் தட்டுகிறார். கூகுள் பிஸ்னஸ் புரொபைல் ஒன்றைத் திறந்து, அவர்கள் கேட்கும் முறையில் கடையை உறுதிப்படுத்துங்கள். இப்போது பெரும்பாலும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து செய்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் போடலாம். தனியாக இருக்கிற பெண்கள் கட்டாயம் அப்படிச் செய்யுங்கள். பெயரில் "கொழும்பின் சிறந்த மலிவான பலகாரம்" என்று நீட்டக் கூடாது, அது கூகுளின் விதிக்கு எதிரானது. கடையின் பெயர் மட்டும். மிச்சத்தை விவரிப்புப் பகுதியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் பூட்டுவதென்றால் விசேட நேரத்தில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். திறந்திருக்கிறது என்று நம்பி பம்பலப்பிட்டியிலிருந்து ஓட்டோவில் வந்து நிற்பவர் எழுதப்போகும் விமர்சனத்தை நினைத்துப் பாருங்கள்.

விமர்சனம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பார்சல் கிடைத்த மறுநாள், லிங்கை அனுப்பி "எப்படி இருந்தது?" என்று கேட்டால் போதும். விமர்சனம் எழுதினால் ஒரு பக்கெட் இலவசம் என்று ஆசை காட்டாதீர்கள், அதையும் கூகுள் தடை செய்திருக்கிறது. மோசமாக ஒருவர் எழுதினால் சண்டைக்குப் போகாமல் இரண்டு வரியில் பதில் போடுங்கள். அந்தப் பதிலை வாசிக்கப்போவது எழுதியவர் அல்ல, அடுத்து வாங்க யோசிக்கிற ஆள்.

இனிப் படம். நல்ல கமரா தேவையில்லை, நல்ல ஜன்னல் தேவை. காலை வெயில் நேரே விழாமல் பக்கவாட்டில் வருகிற ஜன்னலோரம் பலகாரத்தை வையுங்கள். சீப்புப் பணியாரத்தின் அழகே அந்த வரிகள்தான். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்தால் ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். பிளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகி, எண்ணெய் மட்டும் மினுங்கும். சில்வர் தட்டும் அதே சோலியைச் செய்யும், எனவே வாழையிலையோ மண்ணிறத் தாளோ போடுங்கள். அரியதரத்தை முழுதாக ஒன்றும், பிய்த்து உள்ளே தெரிகிற மாதிரி ஒன்றும் எடுங்கள். பக்கத்தில் ஒரு கை இருந்தால் அளவு விளங்கும். கூகுளில் கிடைக்கிற படத்தை எடுத்துப் போடாதீர்கள். பார்சல் திறந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வீடியோவென்றால் முறுக்கு உரலில் இருந்து மா எண்ணெய்க்குள் விழுகிற அந்தக் கணத்தில் தொடங்குங்கள். "வணக்கம் உறவுகளே" எல்லாம் வேண்டாம், அதற்குள் பார்க்கிறவர் விரலால் தள்ளிவிடுவார். போனை நிமிர்த்திப் பிடியுங்கள். பாட்டுப் போடாமல் எண்ணெய்ச் சத்தத்தையே விடலாம், என் அனுபவத்தில் அதுதான் ஆட்களை நிறுத்துகிறது. போனின் கமராவிலேயே எடுத்து வைத்தால் ஒரே துண்டை டிக்டொக், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், பேஸ்புக் மூன்றுக்கும் போடலாம்.

மொழியில் சோம்பல் படாதீர்கள். என்னிடம் தூள் வாங்குகிறவர்களில் சிங்கள ஆட்களும் கணிசமாக இருக்கிறார்கள். யாழ்ப்பாண நண்டுக் கறியை எங்கேயோ சாப்பிட்டுவிட்டுத் தேடி வருவார்கள். அவர்களுக்காக எழுதுவதை மெஷினில் மொழிபெயர்த்துப் போடாமல் எங்கள் மாடியில் இருக்கிற சிங்களத் தங்கச்சியிடம் காட்டித்தான் போடுவேன். கூலி ஒரு பை தட்டுவடை.

கொழும்புத் தமிழ் வியாபாரத்துக்கு ஒரு விசேஷம் இருக்கிறது: சாப்பிடுகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் வேறொருவர். அம்மா அப்பா இங்கே அடுக்குமாடியில் இருப்பார்கள், மகள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மகன் லண்டனில். பிறந்தநாள், திவசம், ஆடிப்பிறப்பு என்று அவர்கள் அங்கிருந்து ஓடர் கொடுப்பார்கள். இவர்களை நினைத்து வேலை செய்யுங்கள். கொழும்பில் காலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு, கோடையில் 9.30, குளிர்காலத்தில் 8.30. சாப்பிட்டுவிட்டுப் போனும் கையுமாக இருக்கிற நேரம். எனவே கனடாவுக்கான பதிவைக் காலையில் எழும்பின உடனே போடுங்கள். லண்டனுக்கு இங்கே இரவு பத்துப் பதினொரு மணி பொருத்தம். அவர்கள் கேட்கிற கேள்வியும் வேறு. விலையைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார்கள். "அம்மாவிட்டைக் குடுத்தாச்சோ?" என்பதுதான் கேள்வி. பார்சலைக் கொடுத்தவுடன், அம்மாவின் சம்மதத்தோடு, ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்புங்கள். அந்தப் படம் அவர்களின் குடும்பக் குரூப்புக்குப் போகும். அங்கிருந்து அடுத்த ஓடர் வரும். இதற்கு இணையான விளம்பரத்தை நான் காசு கொடுத்தும் வாங்கினதில்லை. ஆனால் அந்தப் படத்தைக் கேட்காமல் உங்கள் பக்கத்தில் போடாதீர்கள்.

காசு கொடுத்துச் செய்கிற விளம்பரம் இவ்வளவுக்கும் பிறகுதான். பேஸ்புக் பதிவுக்குக் கீழே இருக்கிற, காசு கட்டி அதைப் பலருக்குக் காட்டுகிற பூஸ்ட் பொத்தானை அவசரமாக அமுக்காமல், என்ன நோக்கம் என்று கேட்கும் இடத்தில் நின்று பாருங்கள். லைக், கமெண்ட் வேண்டும் என்று தெரிவு செய்தால் லைக் போடுகிற ஆட்களையே தேடித் தரும். வட்ஸ்அப்புக்குச் செய்தி வரவேண்டும் என்று தெரிவு செய்யுங்கள். இடத்தை "இலங்கை" என்று முழுதாக விடாமல், மேப்பில் ஒரு புள்ளி வைத்துச் சுற்றுவட்டத்தைக் குறுக்குங்கள். கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மதியச் சாப்பாட்டு விளம்பரத்தை மாத்தறையில் காட்டி என்ன பிரயோசனம்? தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, கிறிஸ்மஸ் இவற்றுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் தொடங்குங்கள். கை கொள்கிற அளவு ஓடர் சேர்ந்ததும் விளம்பரத்தை நிறுத்துங்கள். மற்ற நாட்களில் மாதக் கடைசியில், சம்பளம் விழுகிற நேரத்தில் போடுவதுதான் எனக்குச் சரிவருகிறது.

புது ஆள் வந்தால் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். 3,000 ரூபா விளம்பரத்துக்குப் பத்துப் புது ஓடர் வந்தது என்று வையுங்கள். ஒரு ஆளுக்கு 300 ரூபா. ஒரு பக்கெட்டில் உங்களுக்கு மிஞ்சுவது 200 என்றால் முதல் ஓடரில் நட்டம்தான். அந்த ஆள் திரும்ப வருகிறாரா என்பதில்தான் லாபம் இருக்கிறது. கொப்பி இல்லாமல் இது தெரியாது.

காசு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. வங்கிச் சிலிப் என்று யாரும் ஸ்கிரீன்ஷொட் அனுப்பினால் அதை நம்பி சாமானைக் கொடுக்காதீர்கள், கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகு கொடுங்கள். கணக்கை உறுதிப்படுத்தப் போனுக்கு வருகிற ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், தெரிந்தவரின் நம்பரிலிருந்து கேட்டாலும் கூட. வட்ஸ்அப் செட்டிங்கில் டூ-ஸ்டெப் வெரிபிகேஷனை, அதாவது கணக்குக்கு இன்னொரு இரகசிய எண்ணை, இன்றைக்கே போடுங்கள். கணக்குப் போனால் கடையே போன மாதிரி. சொல்லிச் செய்கிற ஓடருக்கு அரைவாசிக் காசை முற்பணமாக வாங்குவதும் நல்லது. கூரியரில் போய் "ஆள் இல்லை" என்று திரும்பி வருகிற கொழுக்கட்டையை வேறு யாருக்கும் விற்க முடியாது.

வெப்சைட் வேண்டுமா என்று கேட்பார்கள். இதே வேலையை வட்ஸ்அப்பும் மேப்பும் செய்கிற வரைக்கும் வேண்டாம் என்பேன். டராஸ், ஊபர் ஈட்ஸ் போன்றவை ஆளைக் கொண்டுவரும், ஆனால் கமிஷன் வெட்டும், ஆளின் நம்பரும் உங்கள் கைக்கு வராது. அவற்றில் போடுவதென்றால் கமிஷனையும் சேர்த்து விலையைக் கணக்குப் பாருங்கள். வெப்சைட் செய்து தருகிறோம் என்று வருகிற தம்பிமாரிடம் நான் இப்போதைக்கு நேரே சொல்லிவிடுகிறேன்: அந்தக் காசில் முதலில் பை ஒட்டுகிற மெஷின் ஒன்று வாங்கப்போகிறேன், முறுக்கு நமுத்துப்போகாமல் இருக்கும்.