மடையானில் தொடங்குங்கள்

சேரன்மகாதேவிப் பக்கம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியை நான். தாமிரபரணிப் பறவைகளை வரைய வைக்கும்போது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன்: கரும்பலகையில் வரைந்து காட்ட மாட்டேன். காட்டினால் எல்லாத் தாளிலும் டீச்சர் போட்ட கொக்குதான் நிற்கும்.

காலை எட்டு மணிக்குள் படித்துறைக்குக் கூட்டிப் போங்கள். கூடவே பெரியவர்கள் இருவராவது வேண்டும். பிள்ளைகள் மேல்படியை விட்டு இறங்கவே கூடாது. பறவையின் பெயரை அப்புறம் சொல்லலாம், முதலில் "அது என்ன செய்யுது?" என்று கேளுங்கள். நீர்க்காகம் பாறைமேல் சிறகை விரித்துக் காயவைக்கும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் படபடத்து நின்று, செங்குத்தாகத் தண்ணீரில் விழும். கொக்கு இனத்து மடையான் கரையோரம் மண்ணோடு மண்ணாக நிற்கும்; பறந்தால் ஒரே வெள்ளை! "டீச்சர், வெள்ளையாயிட்டு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும்.

முதலில் மடையானைச் செய்யலாம். நோட்டுக்கு அட்டை போட்டு மிஞ்சிய பழுப்புத் தாளின் ஒரு பக்கத்தில் வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். சோற்றுப் பருக்கையே போதும். காய்ந்ததும் வெள்ளை உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து ஒரு சிறகைப் பிள்ளையே வரைந்து வெட்டட்டும். மடிப்பை மட்டும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் அடுப்புக்கரியால் கோடுகள். உள்ளே, மடிப்பின்மேல் ஒல்லியான பழுப்புத் துண்டை உடம்பாக ஒட்டி, ஒரு முனையில் அலகும் மறுமுனையில் கோரைப்புல் கால்களும் வெளியே நீட்டட்டும். மூடினால் மண்நிற மடையான், விரித்தால் வெள்ளைச் சிறகு. சிறகு ஒன்று பெரிதாக, கால் மூன்றாக வந்தாலும் கை வைக்காதீர்கள். மறுபடி ஆற்றுக்குப் போகும்போது அவர்களே எண்ணிப் பார்ப்பார்கள்.

மற்றவை எளிது. கறுப்பு வெள்ளை மீன்கொத்திக்கு வெள்ளைத் தாளும் கரியும் போதும். நீல முதுகு மீன்கொத்திக்குச் சங்குப்பூ இதழைத் தாளில் தேய்க்கலாம். அதன் சிவந்த அலகுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்தால் நல்ல சிவப்பு வரும். சுண்ணாம்பு கையை அரிக்கும், அதை நீங்களே குழைத்துக் குச்சியில் தொட்டுக் கொடுங்கள். நீர்நாயைக் காணக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பார்த்த பிள்ளை இருந்தால் களிமண்ணைக் கையில் கொடுத்து, அது நீந்திய விதத்தைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

முடிந்ததும் தாளின் பின்னால் தேதி, பார்த்த இடம், அந்த உயிர் என்ன செய்தது என்று பிள்ளை சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். "அழகாக வரை" என்று சொல்வதைவிட அந்த ஒரு வரி நிறையச் செய்யும்.