மூளை பயாப்ஸி: ஊசி இறங்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘கட்டியாக இருக்கலாம்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், குடும்பமே ஆடிப்போய்விடுகிறது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலமான மையலின் உறை சிதையும் நோயும் சில வேளைகளில் 2 செ.மீ.க்கு மேல் பரவி, கட்டியைப் போலவே படத்தில் தெரியும். ஆகவே, எடுத்தவுடன் பயாப்ஸிக்கு, அதாவது மூளையில் ஊசி இறக்கித் திசு எடுத்துச் சோதிப்பதற்கு, அவசரப்படக் கூடாது. முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனை, மையலின் நோய் வகைகளைக் காட்டும் அக்வாபோரின்-4, மாக் (MOG) எதிர்ப்புரதங்களுக்கான ரத்தப் பரிசோதனை ஆகியவற்றிலேயே சிலருக்கு விடை கிடைத்துவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, ஸ்டீராய்டு விஷயத்தில் நடக்கிறது. கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ மூளை வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு, பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மூளை-நரம்பியல் மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. மூளை லிம்போமா (நிணநீர்ச் செல்களில் உருவாகும் புற்றுநோய்) இருந்தால் அந்த மருந்தில் அது சுருங்கிவிடும். மையலின் நோயும் சுருங்கும். அதன்பின் திசு எடுத்தால் லிம்போமா செல்கள் கண்ணில் படாமலே போகலாம். ‘ஊசியில் கரைந்துவிட்டது, அதனால் புற்றுநோய் இல்லை’ என்று நிம்மதி அடைவது ஆபத்து. வீக்கம் உயிருக்கே உலை வைக்கும்போது மருந்தைத் தள்ளிப்போட முடியாதுதான்; அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதிகளில் என்று ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு வாருங்கள். பழைய ஸ்கேன் சி.டி.க்களும் வேண்டும், அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

நுண்ணோக்கியின் கீழும் ஏமாற்றம் காத்திருக்கிறது. மையலின் நோயிலும் செல்கள் நெருக்கமாகவும் பெருகிப் பிரிந்துகொண்டும் தெரிவதால், அறுவை அரங்கிலிருந்து உடனடிச் சோதனைக்கு அனுப்பும் திசுத் துண்டை கிளையோமா என்ற மூளைக் கட்டி என்று படித்துவிட நேரும். லக்ஸால் ஃபாஸ்ட் புளூ சாயமிட்டால் மையலின் நீலமாகப் பிடிக்கும். சிதைந்த இடம் வெளிறிக் கிடக்கும். சிடி68 சாயம் மையலினைத் தின்ற மேக்ரோஃபேஜ்களை (கழிவை விழுங்கும் செல்களை) காட்டும். நரம்பிழைகள் பெருமளவு எஞ்சியிருப்பது நியூரோஃபிலமென்ட் சாயத்தில் புலப்படும். இவற்றைப் பார்க்காமல் கதிர்வீச்சு கொடுத்தால், மையலின் நோய் உள்ளவருக்குப் பாதிப்பு கூடும். அறிக்கையில் ஐயம் இருந்தால் ஸ்லைடுகளையும் திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்குகளையும் கேட்டு வாங்கி, இன்னொரு நரம்பு நோயியல் வல்லுநரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

‘மையலின் நோய்தான்’ என்று அறிக்கை வந்ததும் மறு ஸ்கேனைக் கைவிடுவதும் தவறு. ஊசி எடுத்தது அரிசி மணியளவு திசு. முதல் பயாப்ஸியில் மையலின் சிதைவு மட்டுமே தெரிந்து, சில மாதங்கள் கழித்து லிம்போமா வெளிப்பட்ட நோயாளிகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.