வயிற்றழுத்தம் அளக்கும்போது ஜீரோ எங்கே?

காரைக்குடிப் பக்கம் ஒரு ஐசியுவில் நைட் டூட்டி. கணைய அழற்சியோடு வந்திருந்த ஆச்சிக்கு வயிறு மத்தளமாக விம்மியிருந்தது, சிறுநீர் மணிக்கு மணி குறைந்தது. மூத்திரப்பை வழியாக வயிற்றழுத்தம் பார்த்தேன்: 17 செ.மீ. தண்ணீர். கொஞ்ச நேரத்தில் சீனியர் அக்கா பார்த்தார்: 22. என் ஜீரோதான், அதாவது ஸ்கேலின் பூஜ்யத்தை நிறுத்திய மட்டம்தான், தப்பு.

கட்டிலைத் தட்டையாக்குங்கள். யூரின் பேக் குழாயின் சாம்பிள் போர்ட்டில் (சிறுநீர் மாதிரி எடுக்கும் வாய்) த்ரீ-வே என்னும் மூன்று வழித் திருகு, அதற்குக் கீழே குழாயை அடைக்கும் கிளாம்ப். எல்லாம் ஸ்டெரைலாக. 25 மி.லி. நார்மல் சலைன் போதும். அதிகம் ஏற்றினால் மூத்திரப்பை இறுகி, அளவு உள்ளதைவிட ஏறிக் காட்டும். ஃப்ரிட்ஜில் வைத்த சலைன் வேண்டாம். ஏற்றியதும் ஒரு நிமிடம் பொறுங்கள்.

இனி ஜீரோ. இடுப்பெலும்பின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பிடியுங்கள். அக்குளின் நடுவிலிருந்து இறங்கும் கோடு அதைத் தொடும் இடம்தான் ஜீரோ. நான் பழைய பழக்கத்தில் அடிவயிற்றின் முன்பக்க எலும்பில் வைத்திருந்தேன். மல்லாந்து படுத்தவருக்கு அது உயரம், அதனால் அளவு குறைந்தது. இப்போது ஸ்கின் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டுவிடுகிறேன். ஷிப்ட் மாறினாலும் எல்லாரும் ஒரே இடத்தில் அளப்பார்கள். அந்தக் குறியின் உயரத்தை ஸ்டாண்டில் இருக்கும் ஸ்கேலின் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகக் கண்மட்டத்தை நம்பாதீர்கள். நம்மூர்க் கொத்தனார் தண்ணீர்க் குழாயில் மட்டம் பார்ப்பாரே, அதேபோல் சலைன் நிரப்பிய ஐவி குழாயை வளைத்துப் பிடித்தால் இரண்டு முனையும் ஒரே மட்டம் காட்டும்.

மானிட்டரில் இடம் இருந்தால் டிரான்ஸ்டியூசர், அதாவது அழுத்தத்தை மானிட்டரில் காட்டும் சென்சார்தான் என் விருப்பம். இல்லையென்றால் காற்றுக்குமிழி இல்லாமல் சலைன் நிரப்பிய குழாயை த்ரீ-வேயில் மாட்டி, ஸ்கேலோடு நிமிர்த்திப் பிடியுங்கள். வயிற்றை லேசாக அழுத்தினால் தண்ணீர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் எங்கோ அடைப்பு. மூச்சு வெளியேறி முடியும் நொடியில் படியுங்கள். "ஆச்சி, வயித்த இறுக்காதீங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பாருங்கள். வலியில் முக்கினாலும் இருமினாலும் அந்த அளவு ஆகாது.

வந்த செ.மீ.யை 1.36ஆல் வகுத்தால் மில்லிமீட்டர் பாதரசம். ஆச்சிக்கு 22 என்பது 16. ஐசியு நோயாளிக்கு 5 முதல் 7 வழக்கம். 12ஓ அதற்கு மேலோ நீடித்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 20க்கு மேல் நீடித்து, புதிதாகச் சிறுநீரகமோ நுரையீரலோ தளர்ந்தால் அவசரம். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

பின்சேர்க்கை: வென்டிலேட்டரில் தலையை 30 டிகிரி உயர்த்தியே அளக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். அளவு கூடிவிடும், படுக்கவைத்துப் பார்த்து, உடனே உயர்த்திவிடுங்கள். அப்புறம், கிளாம்பைத் திறந்தீர்களா? சிறுநீர்க் கணக்கில் அந்த 25 மி.லி.யைக் கழித்து எழுதுங்கள்.