பழைய விதைப் பாக்கெட்டைத் தூக்கிப் போடும் முன்

பழைய விதையைத் தொட்டியில் தூவும் முன் பத்தே பத்து எடுத்து ஈரத் துணியில் (கிழிந்த வேட்டித் துண்டு போதும்) சுருட்டி, மூடி போட்ட டப்பாவில் வைத்துப் பாருங்கள். வெந்தயம் இரண்டு மூன்று நாளில், தக்காளி ஒரு வாரத்தில், மிளகாய் என்றால் இரண்டு வாரம் வரைகூட ஆகும், வெள்ளையாக வேர்முனை எட்டிப் பார்க்கும். எட்டு முளைத்தால் தைரியமாக விதைக்கலாம், நாலைந்து என்றால் இரண்டு மடங்கு தூவுங்கள், ஒன்றிரண்டுதான் என்றால் புதுசு வாங்கிவிடுவது நல்லது.

நல்ல விதை என்றால், காய்ந்து கிடந்தாலும் உள்ளே இருக்கும் கரு உயிரோடுதான் இருக்கிறது, மிக மெதுவாகச் சுவாசித்துக்கொண்டு. தண்ணீர் உள்ளே போனதும் நொதிகள் விழித்துக்கொண்டு, சேமித்து வைத்த உணவை உடைத்துக் கொடுக்கின்றன, அதில்தான் வேர் வளர்கிறது. ஆனால் செத்த விதையும் தண்ணீர் குடித்து உப்பும், அதனால் உப்பியதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள், வேர் வந்தால்தான் உயிர். துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கவும் கூடாது, விதைக்குக் காற்றும் வேண்டும்.

பெங்களூர் டிசம்பர், ஜனவரிக் குளிரில் இந்தக் கணக்கை நம்ப முடியாது. மிளகாயும் கத்தரியும் அப்போது ரொம்பவே சுணங்கும், டப்பாவை ஃப்ரிட்ஜ் தலைமேல் வைத்தால் கொஞ்சம் தேவலை. சங்குப்பூ மாதிரி கெட்டித் தோல் விதைக்கும் அப்படியே செய்தால் சரிவராது, லேசாக உரசி ஒரு ராத்திரி ஊற வைத்த பிறகு சோதியுங்கள்.